சிறைக்கூடத்து ரொட்டியின் அடக்கவிலை

சென்ட்ரலிலிருந்து கும்மிடிப்பூண்டி மார்க்கமாகச் செல்லும் மின்சார ரயில் தண்டையார்பேட்டையைத் தாண்டியதும் வ.உ.சி. நகர் என்னும் சிறிய நிலையத்தில் நிற்கும். இராயபுரத்துக்கும் எண்ணூருக்கும் இடையே நாள்தோறும் போய்வருகிற நம் மக்களுக்கு அது பழகிப்போன ஒரு நிலையப் பெயர். அந்தப் பெயருக்குரிய பெருமகனாரோ 1908ஆம் ஆண்டில் தண்டிக்கப்பட்டுக் கோவைச் சிறையில் செக்கிழுத்தவர். கப்பல் ஓட்டியவரைக் கொண்டு எண்ணெய் ஆட்டினார்களே என்று நாம் இன்றளவும் மனம் வருந்துகிறோம். வருந்த வேண்டியதுதான். எனினும் அந்த வருத்தத்தோடு கேட்க வேண்டிய கேள்வி ஒன்றும் உண்டு. அச்செக்கில் ஆடிய எண்ணெய்க்கு ஒரு விலை இருந்திருக்கும். எள்ளுக்குச் செலவு எழுதியிருப்பார்கள். செக்குக்குச் செலவு எழுதியிருப்பார்கள். இழுத்த மனிதனுக்கு என்ன எழுதினார்கள்?

இந்தக் கேள்வி நமக்குத் தானாக எழவில்லை. நம் பங்கைச் சேர்ந்த ஒரு சகோதரி எழுப்பினார். ஒருநாள் காலைப் பூசை முடிந்து நாம் அறைவீட்டுக்குத் திரும்பியபோது, அவர் வாசற்படியில் காத்திருந்தார். அவர் கணவர் கொலைக் குற்றத்துக்காக ஆயுள் தண்டனை பெற்றுச் சிறையில் இருப்பவர். பெயரும் தெருவும் இங்கே வேண்டாம். மீன் ஏலத்தில் எழுந்த ஒரு வாய்ச்சண்டை கைகலப்பாகி ஓர் இளைஞனின் உயிரைக் குடித்தது. அவ்வளவு சொன்னால் போதும். சகோதரியின் கையில் ஒரு துண்டுத்தாள் இருந்தது. கணவரிடமிருந்து வந்த பணத்தின் கணக்கு.

“சாமி, அவரு உள்ள ரொட்டி போடற எடத்துல வேலை செய்யறாரு. காலையில போனா சாயங்காலம் வரைக்கும் வேலைதான். வீட்டுக்கு வந்த பணத்தைப் பாருங்க. மீதிக் கூலி எங்க சாமி போவுது? பொண்ணுக்குப் பள்ளிக்கூடத்துல பணம் கட்டணும்.”

நமக்கு விடை தெரியவில்லை. வேதசாஸ்திரம் படித்த நமக்கு அடக்கவிலைச் சாஸ்திரம் தெரியாது. ஆயினும் அது தெரிந்தவர் நம் பங்கிலேயே இருந்தார்.

கணக்குப் பார்த்தவரின் கதை

வடசென்னை மக்களுக்கு அடக்கவிலைக் கணக்கு புதிய செய்தி அன்று. திருவொற்றியூரில் 1946ஆம் ஆண்டு ஒரு கொட்டகையில் பலூன் செய்யத் தொடங்கிய நிறுவனமே பின்னர் எம்.ஆர்.எஃப். என்ற பெரிய டயர்த் தொழிலாக வளர்ந்தது. எண்ணூரில் அசோக் லேலண்டு, திருவொற்றியூரில் என்ஃபீல்டு, ஒரு ரயில் நிலையத்துக்கே பெயர் தந்த விம்கோ தீப்பெட்டி ஆலை, மணலியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை என்று இந்த மண்ணில் தொழில் பெருகிய காலத்தில், ஒரு பொருளைச் செய்ய உண்மையில் என்ன செலவாகிறது என்று பைசா சுத்தமாகச் சொல்லக்கூடிய ஆள்கள் தேவைப்பட்டார்கள். கல்கத்தாவைத் தலைமையிடமாகக் கொண்டு 1944ஆம் ஆண்டு தொடங்கிய அடக்கவிலைக் கணக்கர் கழகத்துக்கு 1959ஆம் ஆண்டு நாடாளுமன்றம் தனிச்சட்டம் இயற்றிக் கொடுத்தது. பகலில் ஆலையில் குமாஸ்தா வேலை பார்த்து, இரவில் தெருவிளக்கு வெளிச்சத்திலும் அதன் தேர்வுகளுக்குப் படித்துத் தேறிய இளைஞர்கள் நம் தெருக்களில் சிலர் உண்டு.

அவர்களில் ஒருவரே நாம் சொல்லும் பெரியவர். ஆலையில் முப்பது ஆண்டுக்கு மேல் அடக்கவிலைப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வுக்குப் பிறகு, தெரிந்தவர் ஒருவர் கேட்டுக்கொண்டதன்பேரில், மத்தியச் சிறை ஒன்றின் தொழிற்கூடங்களுக்குச் சில ஆண்டுகள் கணக்குப் பார்த்துக் கொடுத்தவர். அதைப் பற்றி அவர் அதிகம் பேசியதில்லை. நாம் அந்தத் துண்டுத்தாளை அவர் முன் வைத்ததும், மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். “சுவாமி, இந்தத் தாளை மட்டும் பார்த்தால் விடை தெரியாது. ரொட்டியின் அடக்கவிலைத் தாளைப் பார்க்க வேண்டும்” என்றார்.

சிறைக்குள் என்ன செய்கிறார்கள்?

சிறைக்குள் ஆலை இருப்பதே நம்மில் பலருக்குத் தெரியாது. தமிழ்நாட்டு மத்தியச் சிறைகளில் பல தொழில்கள் நடைபெறுகின்றன. வேலூர்ச் சிறையில் காவலர்களுக்கான பூட்ஸ் தைக்கிறார்கள். கோவைச் சிறையில் துணி நெய்கிறார்கள். மதுரைச் சிறையில் மருத்துவமனைகளுக்கான கட்டுத்துணி உற்பத்தியாகிறது. நமக்கு அருகே, பூங்கா நகரில் 1837ஆம் ஆண்டு கட்டப்பட்ட பழைய மத்தியச் சிறைக்கு மாற்றாக 2006ஆம் ஆண்டு திறக்கப்பட்ட புழல் சிறையில் ரொட்டி சுடுவதும் துணி தைப்பதும் நடக்கின்றன. ‘ஃபிரீடம்’ என்ற பெயரில், அதாவது ‘விடுதலை’ என்ற பெயரில், சிறை அங்காடிகளில் இப்பொருள்கள் விற்கப்படுகின்றன. 2023ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் புழலில் பெண் கைதிகளே நடத்தும் பெட்ரோல் நிலையமும் திறக்கப்பட்டது.

ஆனால் சிறையில் இருப்போர் எல்லாரும் இவ்வேலைகளுக்கு உரியவர் அல்லர். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022ஆம் ஆண்டு முடிவில் இந்தியச் சிறைகளில் 5,73,220 பேர் இருந்தார்கள். அவர்களில் 4,34,302 பேர் விசாரணை முடியாதவர்கள். நூற்றுக்கு எழுபத்தைந்து பேருக்கு மேல். குற்றம் நிரூபிக்கப்படாதவரைக் கட்டாயப்படுத்தி வேலை வாங்க முடியாது. கடுங்காவல் தண்டனை பெற்றவர்களே வேலை செய்யக் கடமைப்பட்டவர்கள். அவர்களிடமும் அவசர வேளை தவிர நாளொன்றுக்கு ஒன்பது மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கலாகாது என்று 1894ஆம் ஆண்டுச் சிறைச் சட்டமே வரையறுத்தது.

இக்காப்பகம் ஆண்டுதோறும் வெளியிடும் அறிக்கையில், எந்த மாநிலச் சிறைகளில் எவ்வளவு ரூபாய் மதிப்புள்ள பொருள்கள் செய்யப்பட்டன என்று ஒரு பட்டியல் இருக்கும். பெரியவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: “சுவாமி, பொருளின் மதிப்பு எவ்வளவு என்று எல்லாரும் எழுதுவார்கள். அதைச் செய்ய என்ன ஆயிற்று, அதை யார் தாங்கினார் என்று எழுதத்தான் எங்களைப் போன்றவர்கள் வேண்டும்.”

ஒரே ரொட்டி, இரண்டு கணக்கு

அடக்கவிலை என்பது எளிய கருத்து. ஒரு பொருளுக்குள் அடங்கியிருக்கிற செலவெல்லாம் சேர்ந்ததே அதன் அடக்கம். மூலப்பொருள், கூலி, எரிபொருள், மின்சாரம், இயந்திரத் தேய்மானம், கொட்டகைச் செலவு ஆகிய எல்லாவற்றையும் கூட்டினால் அடக்கவிலை. அதற்கு மேல் விற்றால் இலாபம்; கீழே விற்றால் நட்டம்.

பெரியவர் ஒரு பழைய நாட்காட்டித் தாளின் பின்புறத்தில் நமக்காக ஒரு மாதிரிக் கணக்குப் போட்டுக் காட்டினார். இவை எந்தச் சிறையின் எண்களும் அல்ல. புரிவதற்காக எழுதிய எண்கள்.

நூறு ரொட்டி செய்வதாக வைத்துக்கொள்வோம். மாவு, சர்க்கரை, ஈஸ்ட் முதலியவற்றுக்கு 1,800 ரூபாய். விறகு, மின்சாரம் 300 ரூபாய். கைதிகளுக்குக் கூலி 100 ரூபாய். மொத்தம் 2,200. ஒரு ரொட்டி 25 ரூபாய்க்கு விற்றால் 2,500 வரும். இலாபம் 300 ரூபாய். அதிகாரிகளுக்கு மகிழ்ச்சி, வாங்குகிறவருக்கும் மகிழ்ச்சி, ஏனெனில் வெளிக்கடையில் அதே ரொட்டி 30 ரூபாய்.

இனி இரண்டாவது கணக்கு. அதே வேலையை வெளியே ஒரு ரொட்டிக்கடைத் தொழிலாளி செய்தால் அவருக்கு 700 ரூபாய் கொடுக்க வேண்டும் என்று கொள்வோம். அரசு வாங்கிப் போட்ட அடுப்பும் மாவு பிசையும் இயந்திரமும் நாளும் தேய்கின்றன. அதற்கு 100 ரூபாய். மாவும் எரிபொருளும் முன்போலவே. இப்போது மொத்தம் 2,900. விற்பனை வரவு 2,500. முன்பு 300 ரூபாய் இலாபம் காட்டிய அதே ரொட்டி இப்போது 400 ரூபாய் நட்டம் காட்டுகிறது!

ரொட்டியில் ஒரு மாற்றமும் இல்லை. மாவின் எடை மாறவில்லை. அடுப்பின் சூடு மாறவில்லை. ஒரு மனிதனின் உழைப்புக்கு எழுதிய எண்தான் மாறியது. அப்படியானால் முன்னே கண்ட 300 ரூபாய் இலாபம் எங்கிருந்து வந்தது? உழைத்தவனுக்கு எழுதாமல் விட்ட 600 ரூபாயிலிருந்து வந்தது.

“சுவாமி, முதல் கணக்கை நான் தப்பு என்று சொல்லவில்லை. கொடுத்த பணத்தைத்தான் எழுதியிருக்கிறார்கள். கூட்டலில் ஒரு பிழை கிடையாது. ஆனால் அது உண்மையையும் சொல்லவில்லை” என்றார் பெரியவர். முப்பது ஆண்டு எண்களோடு வாழ்ந்தவர் வாயிலிருந்து வந்த அந்தச் சொல் நம்மை உலுக்கிற்று. பாவசங்கீர்த்தனத் தொட்டியில் அமர்ந்திருக்கும் நாமும் இப்படிப்பட்ட கணக்குகளை எத்தனை கேட்டிருக்கிறோம்! கூட்டல் சரியாக இருக்கும். ஒரு வரி மட்டும் விடுபட்டிருக்கும்.

மதிலின் செலவு யாருக்கு?

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு என்று பெரியவர் விளக்கினார். அவர் கணக்குப் பார்க்கப் போன புதிதில், தையல் பிரிவு ஆண்டாண்டாக நட்டம் காட்டி வந்ததாம். ஏன் என்று ஏட்டைப் புரட்டினால், அப்பிரிவுக்குக் காவல் நிற்கிற வார்டர்களின் சம்பளத்தையும் சட்டையின் அடக்கத்தில் சேர்த்திருந்தார்கள். காவலும் மதிலும் நீதிக்காக நாடு ஏற்கிற செலவு. கைதி தைக்காமல் சும்மா உட்கார்ந்திருந்தாலும் அச்செலவு நடக்கும். அதைச் சட்டையின் தலையில் கட்டினால் எந்தச் சட்டையும் விலை போகாது. பிறகு தொழிலே வீண் என்று மூடிவிடுவார்கள்.

இன்னும் நுட்பமான சங்கதிகள் பல. சிறையில் வேலைநாள் முழு நாளாக இராது. காலையில் எண்ணிக்கை எடுக்க வேண்டும். மாலையில் மறுபடியும் எண்ண வேண்டும். நேர்காணல் நாளில் ஒருவர் போவார். மருத்துவரிடம் ஒருவர் போவார். வெளியாலையில் எட்டு மணி நேரத்தில் முடிகிற வேலை இங்கே முடியாது. அதைக் கைதியின் சோம்பல் என்று எழுதலாகாது. அடுத்து, கற்றுக்கொள்கிறவன் கை பட்டு வீணாகும் மாவு. அதைக் கற்பிக்கும் செலவாகக் கணக்கிட வேண்டும். எந்தச் செலவு தொழிலுக்கு, எந்தச் செலவு காவலுக்கு, எந்தச் செலவு பயிற்சிக்கு என்று பிரித்து வைப்பதுதான் சிறைத் தொழிற்கூடத்தின் அடக்கவிலைக் கணக்கருடைய முதற்கடமை.

மலிவாக விற்பதிலும் ஓர் அநீதி ஒளிந்திருக்கக்கூடும். சிறை ரொட்டி ஐந்து ரூபாய் மலிவாக இருந்தால், வெளியே குடும்பத்தோடு அடுப்பு முன் வேகிற ரொட்டிக்கடைக்காரன் பிழைப்பு என்னாவது? கைத்தறி நெய்பவனும் செருப்புத் தைப்பவனும் நம் சகோதரரே. கூலியை முழுமையாக எழுதி, நேர்மையான விலைக்கு விற்றால், சிறைத்தொழில் யார் வயிற்றிலும் அடிக்காது. நம் மாதிரிக் கணக்கிலேயே வெளிக்கடை விலையான 30 ரூபாய்க்கு விற்றால் 3,000 வரும். முழுக் கூலியும் கொடுத்து 100 ரூபாய் மிஞ்சும்.

நீதிமன்றமும் உலகமும் சொன்னவை

இது ஒரு கணக்கரின் தனிப்பட்ட ஆசை என்று எண்ண வேண்டாம். நம் அரசியலமைப்பின் 23ஆம் பிரிவு கட்டாய உழைப்பைத் தடை செய்கிறது. குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே கொடுத்து வேலை வாங்குவது கட்டாய உழைப்பே என்று, ஆசிய விளையாட்டுக்கான கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் 1982ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இக்கருத்தைப் பின்பற்றிக் கேரளம், குஜராத் முதலிய மாநிலங்களின் உயர் நீதிமன்றங்கள் கைதிகளின் கூலியையும் ஆராய்ந்தன. முடிவில் 1998ஆம் ஆண்டு செப்டம்பரில், குஜராத் அரசு தொடுத்த மேல்முறையீட்டில் உச்ச நீதிமன்றம் நெறிகளை வகுத்தது. கடுங்காவல் தண்டனை பெற்றவரிடம் வேலை வாங்குவது சட்டத்துக்கு மாறானது அன்று. ஆனால் அவருக்கு நியாயமான கூலி கொடுத்தே தீர வேண்டும். அவருடைய உணவுக்கும் உடைக்கும் ஆகும் செலவை அக்கூலியில் பிடித்துக்கொள்ளலாம். மேலும், அவரால் பாதிக்கப்பட்டவர்களுக்கு ஈடு செய்ய அக்கூலியில் ஒரு பகுதியை ஒதுக்குவதற்கு அரசு வழி செய்ய வேண்டும். இதுவே அத்தீர்ப்பின் சாரம். நம் மாநிலத்திலும் பராமரிப்புக்கென்றும் பாதிக்கப்பட்டோர் நிதிக்கென்றும் கைதிகள் கூலியில் பிடிக்கும் முறை நடைமுறைக்கு வந்தது.

உலக அனுபவமும் இதையே போதிக்கிறது. அமெரிக்காவில் 1865ஆம் ஆண்டு அடிமைத்தனத்தை ஒழித்த அரசியலமைப்புத் திருத்தம், குற்றத்துக்குத் தண்டனையாக வாங்கும் உழைப்பை மட்டும் விலக்கி வைத்தது. அவ்விலக்கைப் பற்றிக்கொண்டு தென் மாநிலங்கள் கைதிகளைச் சுரங்கங்களுக்கும் தோட்டங்களுக்கும் வாடகைக்கு விட்டன. அலபாமா மாநிலத்தில் அக்கொடுமை 1928ஆம் ஆண்டு வரை நீடித்தது. அரசுக் கஜானாவில் வரவு குவிந்தது. காட்டுக் கல்லறைகளில் மனிதர் குவிந்தனர். பன்னாட்டுத் தொழிலாளர் நிறுவனம் 1930ஆம் ஆண்டு உடன்படிக்கையில், கைதியைத் தனியாருக்கு வாடகைக்கு விடுவதற்கு எதிராக வரம்பு கட்டியது. ‘நெல்சன் மண்டேலா விதிகள்’ என்ற பெயரால் ஐக்கிய நாடுகள் சபை 2015ஆம் ஆண்டு ஏற்றுக்கொண்ட விதிகளோ, சிறைத்தொழிலின் இலாபத்துக்காகக் கைதியின் நலனையும் அவனுடைய தொழிற்பயிற்சியையும் பின்னுக்குத் தள்ளலாகாது என்று தெளிவாகக் கூறுகின்றன.

1891ஆம் ஆண்டு ‘ரேரும் நோவாரும்’ நிருபத்தில் நியாயக் கூலியை வலியுறுத்திய திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயரும், கூலியைப் பிடித்துவைப்போரைப் புனித யாகப்பர் கண்டித்த கண்டிப்பும் நமக்குப் புதியவர் அல்லர். அந்தப் போதனை மதிலுக்கு இப்பக்கம் மட்டும் செல்லும் என்று யாரும் எல்லை கட்டவில்லை.

இன்னொரு தாய்

ஆனால், அன்பர்களே, இங்கே நிறுத்திவிட்டால் நாமும் பாதிக் கணக்கு எழுதியவர் ஆவோம். ஏனெனில் இறந்த இளைஞனின் தாயும் நம் பங்குதான். ஞாயிறுதோறும் அதே பூசைக்கு வருகிறார். கைதியின் மனைவி தூய மரியன்னை பீடத்துப் பக்கம் அமர்ந்தால், இவர் எதிர்ப்புறம் தூண் ஓரமாக அமர்வார். சமாதானம் சொல்லிக்கொள்ளும் நேரத்தில் இருவர் கண்களும் தரையைப் பார்க்கும். நாம் பீடத்திலிருந்து அதைக் காணாத ஞாயிறு இல்லை.

பாதிக்கப்பட்டோர் நிதியைப் பற்றிச் சொல்ல நாம் அத்தாயின் வீட்டுக்குச் சென்றோம். அவர் சுவரில் மாட்டியிருந்த மகனின் படத்தைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். “கொலை செஞ்சவனுக்குக் கூலியா சாமி?” என்றார். அந்தக் கோபத்துக்கு எதிரே எந்தத் தீர்ப்பை நாம் எடுத்துக் காட்ட முடியும்? வாய் மூடி இருந்தோம். பிறகு அவரே கேட்டார்.

“அந்தப் பணம் அவன் வேலை செஞ்சு சம்பாதிச்சதா சாமி? இல்ல, சர்க்காரு இனாமாக் குடுக்கறதா?”

ஏன் கேட்கிறீர்கள் என்றோம்.

“சர்க்காரு இனாம்னா எனக்கு வேணாம். என் மவன் பேருல இனாம் வாங்க மாட்டேன். அவன் வேர்வை சிந்தி, என் மவனுக்காகக் கொண்டாந்து வைக்கறதுன்னா... அதை யோசிக்கணும்.”

வீடு திரும்பும் வழியெல்லாம் அச்சொற்கள் நம்மோடு நடந்து வந்தன. பெரியவரின் நாட்காட்டித் தாளில் இருந்த விடுபட்ட வரியின் முழுப்பொருள் அப்போதுதான் நமக்கு விளங்கிற்று. இரண்டு பெண்கள் இரண்டு திசையிலிருந்து ஒரே கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள். மனைவி கேட்டது, அவர் உழைப்பு எங்கே போயிற்று என்று. தாய் கேட்டது, இது அவன் உழைப்புத்தானா என்று. கூலியை உள்ளபடி முழுமையாக எழுதி, அதன்பின் இவ்வளவு உணவுக்கு, இவ்வளவு பாதிக்கப்பட்டோருக்கு, இவ்வளவு குடும்பத்துக்கு என்று வெளிப்படையாகப் பிரித்தால், இருவருக்கும் நேர்நின்று விடை சொல்லலாம். முதலிலேயே கூலியைச் சுருக்கி எழுதிவிட்டால் மனைவிக்கும் விடை இல்லை. தாய்க்கும் விடை இல்லை. தான் செய்த தீமைக்குத் தன் கையால் ஈடு செய்கிற வாய்ப்பு அக்கைதிக்கும் இல்லை. பரிகாரம் என்று நாம் சொல்கிறோமே, அது கண்ணீரோடு முடிவதன்று. உழைத்து ஈட்டியதில் ஒரு பங்கை எடுத்து வைப்பதும் பரிகாரமே. ஆனால் ஈட்டியது எவ்வளவு என்று ஒருவர் எழுத வேண்டும் அன்றோ?

கணக்கில் வராத இலாபம்

பெரியவரிடம் கடைசியாக ஒன்று கேட்டோம். சிறைக் கணக்கில் தங்களுக்கு மிகவும் கடினமாக இருந்தது எது? அவர் யோசித்துச் சொன்னார்:

“ஆலையில் ஒரு கைதேர்ந்த தொழிலாளி விலகிப் போனால் எங்களுக்கு நட்டம். புதிய ஆளைப் பழக்க வேண்டும், உற்பத்தி குறையும், அடக்கம் ஏறும். சிறையில் நன்றாக ரொட்டி போடக் கற்றவன் ஒருநாள் விடுதலையாகிப் போவான். அடுத்த மாதத் தாளில் அடக்கவிலை ஏறியிருக்கும். அதிகாரி கூப்பிட்டு, ஏன் இந்த மாதம் நட்டம் என்று கேட்டார். ‘ஐயா, போன மாதம் இரண்டு பேர் தொழில் கற்றுக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள், அதனால்தான்’ என்றேன். அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, அதையும் தாளில் ஓர் ஓரத்தில் எழுதி வையுங்கள் என்றார்.”

அந்த ஓரத்துக் குறிப்புக்காகத்தான் சிறைத் தொழிற்கூடம் முழுவதும் இருக்கிறது என்பது நமது துணிபு. நல்ல ஆளை இழப்பதற்காகவே நடத்தப்படுகிற ஆலை உலகத்தில் அது ஒன்றுதான்.

நம் கடமை

வாசக அன்பர்களே, கணக்கு அதிகாரிகளுடைய வேலை, நமக்கென்ன என்று ஒதுங்க வேண்டாம். நம் மாநிலச் சிறை ஒன்றில் கைதிகள் செய்த பொருள்களின் கணக்கில் முறைகேடு நடந்ததாக இலஞ்ச ஒழிப்புத் துறை வழக்குத் தொடுத்த செய்தி அண்மை ஆண்டுகளில் நாளிதழ்களில் வந்தது. வழக்கின் முடிவை நீதிமன்றம் சொல்லட்டும். யாரும் பார்க்காத ஏட்டில் எதையும் எழுதலாம் என்ற எண்ணம் மனிதருக்கு வருவது இயல்பு என்பதை மட்டும் நாம் உணர்ந்தால் போதும். பார்க்கிறவர்கள் இருக்க வேண்டும்.

சிறை அங்காடிக்குச் செல்லும்போது மலிவு என்று மட்டும் வாங்காமல், இதைச் செய்தவருக்கு எவ்வளவு சேர்கிறது என்று ஒரு வார்த்தை கேளுங்கள். வணிகவியல் படிக்கும் பிள்ளைகள் உள்ள பெற்றோர், இப்படியும் ஒரு துறை உண்டு என்று அவர்களுக்குச் சொல்லுங்கள். பெரிய கம்பெனிகளில் மட்டுமா அடக்கவிலைக் கணக்கருக்கு வேலை இருக்கிறது? தொழில் நடத்துகிறவர்கள், விடுதலையாகி வரும் ஒருவருக்கு ஓர் அடுப்போ ஒரு தையல் இயந்திரமோ தந்து பாருங்கள். கணக்கர்களுக்குப் பாதுகாவலரான புனித மத்தேயு ஒரு காலத்தில் சுங்கச்சாவடியில் எப்படிப்பட்ட கணக்கு எழுதினார் என்பது நமக்குத் தெரியும். அவரைக் கூப்பிட்டவர், எழுதிய ஏட்டைப் பார்த்து ஒதுக்கிவிடவில்லை.

அந்தச் சகோதரிக்கு என்ன விடை சொன்னீர்கள் என்று கேட்பீர்கள். பெரியவரே உடன் அமர்ந்து, கூலி, பிடித்தம், மீதி என்று விவரம் கேட்டுச் சிறை அதிகாரிக்கு ஒரு விண்ணப்பம் எழுதிக் கொடுத்தார். விவரம் வந்ததும் அவருக்கு விளக்கிச் சொல்வதாக ஏற்றிருக்கிறார். மகளின் பள்ளிப் பணத்தை இம்முறை புனித வின்சென்ட் தே பவுல் சபையார் கட்டினார்கள். இளைஞனின் தாய் இன்னும் முடிவு சொல்லவில்லை, நாமும் அவசரப்படுத்தவில்லை. அவர் கேட்ட கேள்விக்கு நேர்மையான ஒரு தாளை அவர் கையில் கொடுக்க முடிகிற நாள் வரட்டும். அதன்பின் அவர் வாங்கினாலும் மறுத்தாலும், அது அவருடைய உரிமை.